மடித்த துண்டை மறுபடியும் மடிக்கிறவருக்கு

கேள்வி: எனக்குத் திருமணமாகி 13 வருடங்கள். கணவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை மறைத்ததில்லை. ஆனால் கொஞ்ச காலமாக வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்குள் என்னவோ இறுகிப் போகிறது. போன மாதம் அவருக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன், பக்கத்தில் தண்ணீர் வைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். துளிப் பதற்றம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. 6 வருடங்களுக்கு முன் என் அப்பா 12 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து இறந்துபோனார். இவர் 2 முறை வந்து எட்டிப் பார்த்தார். அப்பா போன ராத்திரி ஃபோன் செய்தபோது, "இப்ப வந்து என்ன பண்ணப் போறேன், காலையில வந்துடறேன்" என்றார். நானும் பரவாயில்லை என்றேன். மன்னித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வாரம் நான் கேட்காமலே காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்திருந்தார். எனக்கு வந்த முதல் நினைப்பு, "என்ன தப்பு செய்தாரோ". அவர் மடித்த துண்டுகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தேன். இது வெறுப்பா? பிரிந்துவிடுவதுதான் நல்லதா?

பின்குறிப்பு: என் 10 வயது மகள், "அப்பாகிட்ட மட்டும் ஏம்மா டீச்சர் மாதிரி பேசறே" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கிற யாரும் முதலில் அந்த ராத்திரி ஃபோனைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் நின்றுபோன இடம் துண்டு. ஒருவர் மடித்து வைத்ததைப் பிரித்து, அதே மாதிரி, அல்லது அரை விரல் கூடக் குறைய, மறுபடி மடிப்பதற்கு எவ்வளவு களைப்பு வேண்டும் என்று யோசித்தேன். வேலை மிச்சமாகியிருக்கிறது, ஆனால் அந்த மிச்சத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள உங்களுக்கு மனசு வரவில்லை. அதற்குப் பெயர் வெறுப்பு இல்லை. கசப்பு.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். வெறுப்பாக இருந்திருந்தால் காய்ச்சலில் கிடந்தவரைப் பார்த்துப் பதறவில்லையே என்று நீங்கள் பயந்திருக்கவே மாட்டீர்கள், எனக்கு எழுதியிருக்கவும் மாட்டீர்கள். கோபம் என்றால் ஒரு சத்தம், ஒரு சண்டை, ஒரு அழுகை, அதோடு போயிருக்கும். ஊடல் என்றால் அவர் வந்து சமாதானம் செய்வார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், கதவைச் சாத்தினாலும் தாழ் போடாமல் விடுகிற மாதிரி. கசப்பில் அந்த எதிர்பார்ப்பு செத்துப்போய்விடுகிறது, வலி மட்டும் சாவதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கும் வரும், உங்களைப் போல ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்காதவர்களுக்கும் வரும். கேட்காதவர்களுக்கு இன்னும் ஆழமாகப் புரையோடும், என் அனுபவத்தில்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் வீடு அமைதியாகவே இருக்கும். சண்டை குறைந்துவிட்டதே என்று கணவர் சந்தோஷப்பட்டுக்கொண்டுகூட இருக்கலாம். உள்ளே நடப்பது வேறு. குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் மனசுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கும், அதில் வக்கீலும் நீங்கள், நீதிபதியும் நீங்கள், தினமும் நீங்களே ஜெயிப்பீர்கள், ஜெயித்த நிம்மதி மட்டும் ஒருநாளும் வராது. அவர் பால்கனி விளக்கை அணைக்க மறந்தால், அந்த ஒரு விளக்குக்காக 6 வருடத்துக் கோப்பு மொத்தமும் வெளியே வரும். யாராவது, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்ல மனுஷன்" என்று சொல்லும்போது நீங்கள் பாதி சிரிப்போடு நிறுத்திக்கொள்வீர்கள். அவர் நண்பர்களோடு ஃபோனில் வாய்விட்டுச் சிரித்தால் எரிச்சல் வரும். சிரித்தது தப்பில்லை, நமக்கு இப்படி இருக்கும்போது இவருக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்பதுதான். இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்துகிறது என்று எண்ண வேண்டாம், இது தேர்வு இல்லை. ஆனால் மற்றவர் செய்கிற நல்லதே சந்தேகத்துக்கு உரியதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்றால், கசப்பு கண்ணுக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதைக் கண் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1980-இல் ராபின்சன், பிரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தம்பதிகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற பார்வையாளர்களை அனுப்பி, ஒருவருக்கொருவர் செய்கிற நல்ல காரியங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். தம்பதிகளும் தனியாகக் குறித்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தவர்களின் கணக்கும் வெளியாள் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயின. மனம் கசந்திருந்தவர்கள், வெளியாள் பார்த்த நல்லதில் சுமார் பாதியைப் பார்க்கவே இல்லை. எதிரே நடந்தும் பதியவில்லை. உங்கள் விஷயத்தில் பதிந்தது, குற்றத்தை மறைக்கிற தந்திரமாகப் பதிந்தது. துண்டு மடித்ததால் அந்த ராத்திரி சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, ஆயிரம் துண்டு மடித்தாலும் ஆகாது. இன்றைக்கு நடப்பதை இன்றைக்கு நடப்பதாகப் பார்க்க அந்த ராத்திரி உங்களை விடவில்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு ராத்திரிக்கா இத்தனை வருஷம்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் நீங்களே உங்களைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் சூ ஜான்சனும் அவருடைய சகாக்களும் 2001-இல் இதைப் பற்றி எழுதினார்கள். சாவு, பிரசவம், கருச்சிதைவு, பெரிய நோய் போன்ற நேரங்களில், ஒரு மனுஷருக்கு இன்னொரு மனுஷர் மிகவும் தேவைப்படும்போது, வர வேண்டியவர் வராமல் போனால் அது மற்ற வருத்தங்களோடு சேர்ந்து காலத்தில் கரைவதில்லை. பிணைப்பிலேயே விழுந்த காயமாகத் தனியாக நின்றுவிடுகிறது. ஏனென்றால் அங்கே தப்பு செய்தாரா இல்லையா என்பதைவிட, "எனக்கு ஒன்று என்றால் இவர் வருவாரா" என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது. உங்களுக்குக் கிடைத்த பதில், "வரமாட்டார்". அதன் பிறகு 6 வருடமாக நடந்ததை எல்லாம் அந்தப் பதிலுக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். காய்ச்சலில் அவர் படுத்திருந்தபோது பதறாததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மனசு கல்லாகிவிடவில்லை. நீங்கள் வராதபோது நான் மட்டும் ஏன் வரவேண்டும் என்று அது கதவுக்கு வெளியே நின்றுகொண்டது.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நீங்கள் பரவாயில்லை என்று சொன்னீர்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனியாகவே ஒரு கோபம் உண்டு, என் ஆலோசனை அறையில் உடைந்து அழுத பாதிப் பேர் என்றோ ஒருநாள் அதைச் சொன்னவர்கள்தான். அப்பா இறந்த ராத்திரியில் நிதானமாக மனசைச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் அன்றைக்குச் சொன்னதற்கு உங்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் அடுத்த மாதமும் சொல்லவில்லை, அடுத்த வருடமும் சொல்லவில்லை. அவர் கணக்கில் அந்த விஷயம் 6 வருடங்களுக்கு முன்பே "பரவாயில்லை" என்று முத்திரை குத்தி மூடப்பட்டுவிட்டது. உங்கள் கணக்கில் தினம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. வட்டி ஏறுவது அவருக்குத் தெரியாது, நீங்கள் டீச்சர் மாதிரிப் பேசுவது மட்டும்தான் தெரியும். இது அவருக்கான வக்காலத்து இல்லை. தெரிந்திருக்க வேண்டாமா என்றால் வேண்டும்தான். ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்று காத்திருந்ததில் உங்களுக்குப் போனது 6 வருடம்.

கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இருவர், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் மொத்தத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை, நாம் செய்தது நமக்கு ஞாபகம் இருக்கும், மற்றவர் செய்ததில் பாதி நம் கண்ணுக்கு முன்னால் நடப்பதே இல்லை. ஆகவே பேச உட்காரும்போது கணக்கு நோட்டைக் கொண்டுபோகாதீர்கள். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும்.

பேசுவதற்கு முன் ஒன்றே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும். அடி, மிரட்டல், பணத்தையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்துவது, இன்னும் தொடர்கிற வேறு உறவு, கூட இருக்கவே பயம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கசப்பு அங்கே நோயில்லை. வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று சொல்கிற மணி. மணியை அணைப்பது எப்படி என்று அங்கே யோசிக்கக் கூடாது, முதலில் பாதுகாப்பான இடமும் நம்பகமான ஆளும்தான். அதேபோல, கணவர் மேல் மட்டும் இல்லாமல் எதன் மேலுமே ஈடுபாடு போய்விட்டது, தூக்கம் கெட்டுவிட்டது, பிள்ளையின் சிரிப்புகூட எட்டவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்பாவுக்காக நீங்கள் அழுது முடித்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. முதலில் தனியாக எழுதுங்கள். 3 அல்லது 4 நாள், தினம் 15, 20 நிமிடம், அந்த 12 நாளைப் பற்றி. அவருக்குக் காட்டுவதற்காக இல்லை, அதனால் மரியாதையாக எழுத வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் அதற்குள் ஒரே ஒரு காட்சியைத் தேடுங்கள். 13 வருடத்துக்கும் பரிகாரம் கேட்டால் எந்த மனுஷராலும் தர முடியாது, ஒரு காட்சிக்குத் தர முடியும். உங்களுக்கு அது அந்த ஃபோனாக இருக்கலாம். ஃபோனை வைத்த பிறகு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். பலருக்கு இரண்டாவதுதான்.

அப்புறம் அவரிடம் நேரம் கேளுங்கள். படுக்கப் போகும்போது வேண்டாம், ஏற்கனவே எதற்காவது முறைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்டிப்பாக வேண்டாம். ஆரம்பம் எப்படியோ முடிவும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். "நீங்க ஒரு மனுஷனா, எங்கப்பா சாகும்போதுகூட" என்று தொடங்கினால், அடுத்த அரை மணி நேரம் அவர் மனுஷன்தான் என்று நிரூபிப்பதிலேயே போய்விடும். "எங்கப்பா போன அன்னைக்கு நைட் நான் பரவாயில்லன்னு சொன்னேன். அது பொய். எனக்கு அன்னைக்கு நீங்க வேணும்னு இருந்துச்சு. இன்னும் அதுலேர்ந்து என்னால வெளிய வர முடியல. நீங்க இப்ப பதில் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்." என் வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்காதீர்கள், உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். ஆனால் "வேணும்னு இருந்துச்சு" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குற்றச்சாட்டைச் சொல்வது நமக்குச் சுலபம், தேவைப்பட்டது என்று ஒப்புக்கொள்வதற்குத்தான் தொண்டை அடைக்கும்.

அவர் காரணம் சொல்வார். அநேகமாக உடனே சொல்வார். என்னிடம் வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனைவி இதேபோல ஒன்றைச் சொல்லி முடித்ததும் கணவர் 10 நிமிடம் பேசினார், லீவு கிடைக்காதது, மேலதிகாரி, வண்டி பழுது, எல்லாம் உண்மைதான். மனைவி தரையில் ஒரு டைல்ஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணங்களை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். "நான் வரலைன்னு சொல்றா" என்றார். இல்லை என்றேன். "கோவமா இருக்கா" என்றார். அதுவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி, "நீ அங்க தனியா உட்கார்ந்துட்டு இருந்தே" என்றார், அதற்கு மேல் குரல் வரவில்லை. அந்த அம்மா அப்போதுதான் முதல்முறையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கு அந்த அறையில் வரவே இல்லை, அது வந்தது 2 வாரம் கழித்து.

எல்லா வீட்டிலும் முதல் தடவையே இப்படி நடக்கும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். உங்கள் பேச்சு சண்டையாக மாறலாம். நெஞ்சு படபடக்கிறது, அவர் பேசுவது காதில் விழவில்லை, அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்றே மனசு ஓடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். தம்பதிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய பிறகு எவராலும் சரியாகக் கேட்கவே முடியாது என்கிறார், உடம்பு அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் எழுந்து போகிறவர், "அரை மணி நேரத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். வராதவர் மேல்தானே இந்த வழக்கே.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அது பொய்யில்லை. மன்னிப்பைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த எவரெட் வொர்திங்டன் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: பழிவாங்க மாட்டேன், ஒழுங்காக நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளே இருக்கிற உணர்வு மெல்ல மாறுவது இன்னொன்று. மாத்திரை கொடுத்து, தண்ணீர் வைத்துவிட்டு வந்தீர்களே, அது முதலாவது. பதற்றம் வரவில்லையே என்று தேடினீர்களே, அது இன்னும் வந்து சேராத இரண்டாவது. அதை மிரட்டி வரவழைக்க முடியாது. "மறந்துடு, விட்டுத்தள்ளு" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டு உங்களை நீங்களே அவசரப்படுத்தாதீர்கள். மறப்பது இதில் சேர்த்தியே இல்லை.

அதற்குள் வீட்டில் செய்ய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. 2013-இல் ஈலை ஃபிங்கலும் சகாக்களும் 120 தம்பதிகளை 2 வருடம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதல் வருடம் எல்லோருக்குமே திருப்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இரண்டாம் வருடம் பாதிப் பேரை மட்டும், 4 மாதத்துக்கு ஒருமுறை 7 நிமிடம், தங்களுக்குள் நடந்த ஒரு சண்டையை, இருவருக்கும் நல்லது நினைக்கிற மூன்றாம் மனுஷர் எப்படிப் பார்ப்பார் என்று எழுதச் சொன்னார்கள். வருடத்துக்கு மொத்தம் 21 நிமிடம். எழுதியவர்களுக்குச் சரிவு நின்றது, எழுதாதவர்களுக்குத் தொடர்ந்தது. இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது. உங்களுக்கு அந்த மூன்றாம் மனுஷராக யாரை நினைக்கலாம் என்று யோசித்தேன். உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். மருமகனைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்திருக்குமே. நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

பிரிவதைப் பற்றி. இப்போது முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில், எப்போதுமே செய்யாதீர்கள் என்பது இல்லை. அவரிடம் இன்னும் ஒருமுறைகூடக் கேட்காத ஒரு விஷயத்துக்காகத் தீர்ப்பு எழுதினால், பிரிந்த பிறகும் அந்த வழக்கு உங்களோடேயே வரும், புது வீட்டிலும் ஓடும். கேட்டுப் பாருங்கள். ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை, தேவைப்பட்டால் ஒரு ஆலோசகரை நடுவில் உட்காரவைத்து. அவர் கேட்டார், கலங்கினார், திரும்ப வருகிறார் என்றால் இந்த வீட்டில் இன்னும் நிறைய இருக்கிறது. அவர் சிரித்து ஒதுக்கினார், "இன்னுமா அதையே பேசறே" என்று ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பினார் என்றால், அப்போது உங்கள் கையில் இருப்பது சந்தேகமாக இருக்காது, பதிலாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு கடிதம்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவள் கேட்டது நியாயமான கேள்வி, "அப்படியெல்லாம் இல்லடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இரண்டு பேர் நடுவில் இருப்பதை மோப்பம் பிடித்த குழந்தைக்கு அது தன் மூக்கையே நம்பாதே என்று சொல்வதாகிவிடும். தாத்தா விஷயத்தையும் அவள் தலையில் வைக்க வேண்டாம், அவள் உங்களுக்குச் சாட்சியாக மாறுவாள். "ஆமாடா, அம்மா அப்பாகிட்ட ஒரு விஷயத்தை ரொம்ப நாளா சொல்லாம வச்சிருக்கேன், அதான் குரல் அப்படி வருது. உன்னால இல்ல. சீக்கிரம் அப்பாகிட்ட பேசிடுவேன்." இவ்வளவு போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு, சொல்லிவிட்டால் பேசித்தான் ஆகவேண்டும். பத்து வயதில் அவர்கள் எதையும் மறப்பதில்லை, "பேசிட்டியாம்மா" என்று இரண்டு நாளில் வந்து நிற்பாள்.